கொலுவும் கொழுக்கட்டையும் ஒரே படியில் வேண்டாம்

அன்புள்ள ஐயா,

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில், எங்கள் அடுக்ககத்தில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். மூன்றரை முதல் ஐந்து வயது வரை எட்டுக் குழந்தைகள். பண்டிகைப் பாட்டுகள் வழியாக எழுத்தொலி சொல்லித்தருகிறேன். பொங்கல் பாட்டை மூச்சுவிடாமல் பாடுகிறார்கள். ‘பானைக்கு முதல்ல என்ன சத்தம் வருது?’ என்றால் விழிக்கிறார்கள். ஒரு குழந்தை மட்டும் ‘பொங்கல் வேற, பொம்மை வேற’ என்று அடம்பிடிக்கிறாள். பெற்றோரோ 247 எழுத்தும் எப்போது முடியும் என்கிறார்கள். நவராத்திரி வருகிறது. கொலுவை வைத்து என்ன விளையாடலாம்?

ஒரு வாசகி, பெங்களூரு

அன்புள்ள சகோதரி,

அடம்பிடிக்கும் அந்தக் குழந்தைதான் உங்கள் வகுப்பில் நன்றாகக் காது கொடுத்துக் கேட்கிறாள். அவளைத் திருத்திவிடாதீர்கள். பொங்கலில் ‘பொ’ அழுத்தமாக வருகிறது, பொம்மையை நாம் பேசும்போது அது மெலிந்து ஒலிக்கிறது. எழுத்து ஒன்றுதான், ஒலி இரண்டு. கொழுக்கட்டையும் கொலுவும் அப்படித்தான். திரியும் தீபமும் அப்படித்தான். கன்னடத்தில் இந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து இருப்பதால், எல்கேஜியிலேயே கன்னடம் படிக்கும் பெங்களூருக் குழந்தைக்கு வேறுபாடு இன்னும் கூர்மையாகவே கேட்கும்.

ஆகவே பண்டிகைக்குப் பொருத்தமாக இருக்கிறதே என்று சொற்களை அள்ளிப் போடக்கூடாது. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துப் பொறுக்க வேண்டும். கொலு, பொம்மை, கோபுரம், தீபம் ஆகியவற்றை சொல்லின் முதல் ஒலியைப் பிரிக்கும் விளையாட்டில் சேர்க்காதீர்கள். பேச்சில் இருக்கட்டும், பாட்டில் இருக்கட்டும், வகைபிரிக்க மட்டும் வேண்டாம்.

நவராத்திரிக்கு என் தேர்வு ‘ம’. கொலுவிலேயே அதற்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது: மரப்பாச்சி, மஞ்சள், மணி, மயில், மல்லிகை. உதடு மூடித் திறப்பது குழந்தையின் கண்ணுக்கும் தெரியும், ஒலியை ‘ம்ம்ம’ என்று இழுக்கவும் முடியும். அதற்கு எதிராக ‘க’ வையுங்கள்: கண்ணாடி, கரண்டி, கயிறு. அது தொண்டைக்கு அருகே பிறப்பதால் இரண்டும் குழம்பாது. ‘ம’வுக்கு எதிராகப் ‘ப’வை வைத்தால் இரண்டுமே உதட்டொலி, தொடக்கத்தில் தடுமாறுவார்கள். ந-ன-ண, ல-ள-ழ எல்லாம் ரொம்பப் பிறகு.

எட்டுப் பேரை நான்கு நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். அட்டைப் பெட்டிகளை அடுக்கி இரண்டு படி. மேல்படியில் மரப்பாச்சி உட்காரட்டும். எட்டுப் பொருளையும் ஒரு பையில் போடுங்கள், மரப்பாச்சி மேலே உட்கார்ந்துவிட்டதால் ஐந்தாவது ‘ம’ பொருள் ஒரு மண்பானையாக இருக்கலாம். ‘மண்’ என்று பானையைத் தட்டிச் சொல்லிப் பழக்காவிட்டால் குழந்தை அதைப் ‘பானை’ என்றுதான் சொல்லும், அப்போது மட்டை, மரக்கட்டை என்று வேறு எதையாவது தேடிக்கொள்ளுங்கள். எல்லோரும் கேட்க வேண்டியது:

மரப்பாச்சி மரப்பாச்சி மடியில என்ன?

ஒரு குழந்தை பையில் கைவிட்டு எடுத்ததன் பெயரைச் சொல்ல வேண்டும். ‘மஞ்சள்!’ என்றால் மேல்படி. ‘கரண்டி!’ என்றால் எல்லோரும் ‘கீழே, கீழே!’ என்று கத்தலாம். கத்தும் அந்த இடம்தான் குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஒரு சுற்று பத்து நிமிடத்துக்கு மேல் போகவேண்டாம்.

இது பெரும்பாலும் கெடுவது பெயரில்தான். மணியைக் குழந்தை ‘பெல்’ என்னும், கரண்டியை ‘ஸ்பூன்’ என்னும், கண்ணாடியை ‘மிரர்’ என்னும். கண்ணாடியை ‘மிரர்’ என்று மனதில் நினைத்து மேல்படியில் வைத்தால், அதன் காது சரியாகவே வேலை செய்திருக்கிறது. நாம்தான் தவறு என்போம். ஆகவே விளையாட்டுக்கு முன் எல்லாப் பொருளையும் கையில் கொடுத்து, பெயர் சொல்லி, ஒருமுறை சொல்லவைத்துவிடுங்கள். இன்னொன்று, ‘மயிலுக்கு என்ன எழுத்து?’ என்று கேட்காதீர்கள். எழுத்து இன்னும் வரவில்லை. ‘மயில் சொல்லும்போது வாய் என்ன செய்யுது?’ என்று கேளுங்கள்.

பாட்டுக்கு வருகிறேன். பாட்டு முழுதாக வருவதும் ஒலி பிரியாததும் சேர்ந்தே நடக்கும். மெட்டு சொற்களை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது, தனித்தனியாகக் கேட்க நேரமே இல்லை. எனவே பாட்டைக் குட்டியாக்கி, இடையில் உடையுங்கள். பொங்கலுக்கு இப்படி:

கரும்பு கரும்பு கணுக்கரும்பு
எறும்பு வருது நீ திரும்பு!

‘திரும்பு’ வரும்போது எல்லோரும் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். பழகியதும் ‘எறும்பு வருது நீ...’ என்று நிறுத்திவிடுங்கள். அவர்கள் முடிக்கட்டும். பிறகு ‘எறும்பு வருது நீ உட்காரு’ என்று வேண்டுமென்றே மாற்றுங்கள். ‘இல்லை!’ என்று குரல் வந்தால் எதுகை காதில் ஏறிவிட்டது. கரும்பில் ‘ரு’, எறும்பில் ‘று’ என்பது இங்கே பொருட்டல்ல, இது காது விளையாட்டு. எழுத்தட்டை காட்டும் நாளில் மட்டும் எறும்பை எடுத்துவிடுங்கள்.

‘வந்தான், போனான், தின்றான்’ என்று முடியும் பாட்டுகளை நம்பவேண்டாம். தமிழில் வினைமுடிவு தானாகவே ஒத்துப்போகும், குழந்தை அதில் எதையும் கண்டுபிடிப்பதில்லை. ஆடு, மாடு, காடு, நாடு என்று முதல் ஒலி மட்டும் மாறும் சொற்கள்தான் வேலை செய்யும்.

எழுத்தட்டை எப்போது? ஒரு குழந்தை எட்டில் ஏழு பொருளையாவது உதவியில்லாமல் பிரிக்கும்போது. அதுவும் அந்தக் குழந்தைக்கு மட்டும். தட்டில் ரவையைப் பரப்பி விரலால் ‘ம’ எழுதட்டும். அடுத்து ப, ட. இரண்டும் நேர்கோடுகள், பிஞ்சு விரலுக்கு எளிது. இந்த மூன்றோடு ‘ம்’ சேர்ந்தால் படம், மடம் என்று படித்துவிடலாம். அங்கேதான் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘ம்’மை ‘இம்’ என்று சொல்லித்தந்தால் குழந்தை ‘பட-இம்’ என்று படிக்கும். உதட்டை மூடி ‘ம்ம்ம்’ என்று மட்டும் ஒலியுங்கள்.

247 பற்றிப் பெற்றோரிடம் நேராகச் சொல்லிவிடலாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதி 216ம் இவற்றின் கூட்டு. மெய்யொலியும் உயிரொலியும் காதில் பிரிந்தால், கூட்டெழுத்தை மனப்பாடம் செய்யவேண்டிய பாரம் வெகுவாகக் குறையும். இந்த வயதில் அட்டவணையை ஒப்பிக்கச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

நவராத்திரி முடிந்தால் தீபாவளிக்குப் ‘ப’: பட்டாசு, பட்டு, பணியாரம், பருப்பு. பஜ்ஜியும் பலூனும் கூடாது. பொங்கலுக்கு ‘மா’: மாடு, மாவிலை, மாலை, மாக்கோலம். சங்கராந்திக்கு பெங்களூரில் வீட்டுக்கு வீடு எள்ளு-வெல்லம் தருவார்கள். எள்ளு, எலி, எலுமிச்சை என்று ‘எ’வுக்கு அருமையான வாய்ப்பு, ஆனால் ‘யெள்ளு’ என்று சொல்லாமல் வாயைத் திறந்தே தொடங்குங்கள். அந்தக் கலவையில் நிலக்கடலை இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குத் தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு என்பதால் மூடியிட்ட டப்பாவில் போட்டுக் காட்டுங்கள், கையில் கொடுக்கவேண்டாம்.