‘ஃபெயில்ட் டு ஃபெட்ச்’ வந்தால் பதிவு போகவில்லை என்று அர்த்தமில்லை

மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “தேயிலைக் கொழுந்து நிறுவையைப் போனில் பதிய ஒரு வெப் ஆப் எழுதினேன். மலைக்குள் சிக்னல் விட்டு விட்டு வருகிறது, ‘ஃபெயில்ட் டு ஃபெட்ச்’ என்று பிழை காட்டுகிறது. மறுபடி அழுத்தினால் சில நேரம் ஒரே நிறுவை இரண்டு தடவை பதிவாகிவிடுகிறது. என்ன செய்வது?”

இரட்டைப் பதிவை முதலில் எடுத்துக்கொள்வோம், இதில் ஆபத்தானது அதுதான். ரிக்வெஸ்ட் செர்வருக்குப் போகும் வழியிலேயே அறுந்திருக்கலாம், அல்லது போய்ச் சேர்ந்து, டேட்டாபேஸில் பதிவாகி, பதில் திரும்பி வரும்போது அறுந்திருக்கலாம். பிரவுசரால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது, அதே பிழையைத்தான் தரும். அதனால் அந்தப் பிழைக்கு ‘பதிவாகவில்லை’ என்று பொருள் கொள்ளாதீர்கள், ‘பதிவானதா என்று தெரியாது’ என்பதுதான் சரி.

தீர்வு இருக்கிறது. நிறுவையை உள்ளிட்டு முடித்த அந்த நொடியிலேயே போனில் அதற்கென ஒரு தனி ஐடி உருவாக்குங்கள் (பிரவுசரிலேயே உள்ள கிரிப்டோ.ரேண்டம்யூயூஐடி போதும், ஆனால் எச்டிடிபிஎஸ் பக்கத்தில்தான் வேலை செய்யும்). எத்தனை முறை அனுப்பினாலும் அதே ஐடியோடுதான் போக வேண்டும். அனுப்பும்போது ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கினால் பயனே இல்லை. டேட்டாபேஸில் ஐடி இருக்கும் பத்திக்கு, ஒரே மதிப்பு இரண்டு தடவை வரக் கூடாது என்ற யுனீக் கட்டுப்பாடு போடுங்கள், அதே ஐடி மறுபடி வந்தால் செர்வர் பிழை சொல்லாமல், ஏற்கெனவே சேர்ந்துவிட்டது என்று வெற்றிப் பதிலையே தரட்டும்.

அப்புறம் மறுமுயற்சி. 1, 2, 4, 8 வினாடி என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள், கூடவே கொஞ்சம் ரேண்டம் தாமதமும் சேருங்கள், இல்லாவிட்டால் சிக்னல் திரும்பியதும் எல்லாப் போனும் ஒரே நேரத்தில் செர்வரை மோதும். செர்வர் தரும் பதில் எண்ணாக 502, 503, 504, 429 வந்தால் மறுபடி அனுப்பலாம், 400 அல்லது 422 வந்தால் திரும்பத் திரும்ப அனுப்பியும் அதே பதில்தான். இங்கே ஒன்று: ரிக்வெஸ்ட் அனுப்பும் ஃபெட்ச், 404க்கும் 500க்கும் பிழையைப் பிடிக்கும் கேட்ச் பக்கம் போகவே போகாது, ரெஸ்பான்ஸ்.ஓகே என்பதை நீங்களே பார்க்க வேண்டும். நேர வரம்பையும் நீங்கள்தான் வைக்க வேண்டும், அபார்ட்சிக்னல்.டைம்அவுட்டில் 10 வினாடி போட்டுப் பாருங்கள்.

இணைப்பு இருக்கிறதா என்று பிரவுசர் சொல்லும் நேவிகேட்டர்.ஆன்லைன் ‘உண்மை’ என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஆபீஸ் வைஃபையில் போன் இணைந்திருந்து, வெளியே லைன் அறுந்து கிடந்தாலும் அது அப்படித்தான் சொல்லும். இன்னொரு சோதனை: ஹட்டன் டவுனில் நல்ல சிக்னலில் நின்றும் ஒவ்வொரு முறையும் இதே பிழை வந்தால் சிக்னலைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் கோர்ஸ் அனுமதி (வேறு முகவரியிலுள்ள பக்கம் தன்னை அணுகச் செர்வர் தரும் அனுமதி) இல்லாததுதான் காரணம். பிரவுசர் கன்சோலில் தெளிவாக எழுதியிருக்கும்.

இவ்வளவு செய்தாலும், சிக்னலே இல்லாத மலையில் பதிவு போனிலேயே தங்கத்தான் வேண்டும். ஒரு பதிவு தொலைந்தால் கொழுந்து பறித்த ஒருவரின் முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) அரைப்பேராகிவிடும், அதனால் இதில் அலட்சியம் கூடாது. முதலில் போனிலேயே பிரவுசர் வைத்திருக்கும் டேட்டாபேஸான இன்டெக்ஸ்ட்டிபியில் எழுதுங்கள், பிறகு அனுப்புங்கள். சிக்னல் வந்ததும் பின்னணியில் தானே அனுப்பும் பேக்ரவுண்ட் சிங்க் ஆண்ட்ராய்டு குரோமில் உதவும், சஃபாரியில் கிடையாது. ஆகவே ஆப் திறக்கும்போதும் ஆன்லைன் நிகழ்வு வரும்போதும் வரிசையில் இருப்பதை நீங்களே அனுப்புங்கள். திரையில் ‘போனில் இருக்கிறது’, ‘செர்வரில் சேர்ந்தது’ என்று இரண்டையும் தனித்தனியாகக் காட்டுங்கள். அந்த ஐடிக்குச் செர்வரிலிருந்து வெற்றிப் பதில் கைக்கு வந்த பிறகுதான் போனிலுள்ளதை அழிக்க வேண்டும்.