அகமெம்னன் மேடைக்கு முதலில் கதவு, பிறகு மற்றவை

கேள்வி: பண்டைய கிரேக்க நாடகாசிரியர் எஸ்கிலஸின் ‘அகமெம்னன்’ நாடகத்தை எங்கள் கல்லூரி அரங்கில் தமிழில் நடிக்கவிருக்கிறோம். மேடை 30 அடி அகலம், 20 அடி ஆழம், தரையிலிருந்து 3 அடி உயரம். தெர்மாகோலில் ஆறு வெள்ளைத் தூண்கள், அரண்மனை வாசலுக்கு ஐந்து படிகள், பின்னால் ஓவியத் திரை என்று திட்டமிட்டிருக்கிறோம். பணம் குறைவு. இந்த அமைப்பு சரிப்படுமா?

பதில்: தூண்களுக்கு ஒதுக்கிய பணத்தைக் கதவுக்கு மாற்றிவிடுங்கள்.

இந்த நாடகம் கி.மு. 458-இல் ஏதென்ஸின் டயோனிசஸ் அரங்கில் முதன்முதலாக நடிக்கப்பட்டது. அன்று அங்கே பளிங்கு மேடை கிடையாது. கோரஸ் என்னும் குழு ஆடிப் பாடும் திறந்த தரை, அதன் பின்னால் தட்டையான கூரை கொண்ட ஒரு மரக் கட்டடம், அதன் நடுவே ஒரு வாசல். அவ்வளவுதான். கதை நடப்பதோ ட்ராய் நகரத்தோடு கிரேக்கர்கள் நடத்திய போர் முடிந்த நேரத்தில். நீங்கள் நினைக்கும் வரிப்பள்ளம் ஓடிய தூண்கள் அதற்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவை. கிரேக்கக் கோயில்கள்கூடத் தம் காலத்தில் வண்ணப் பூச்சோடுதான் நின்றன. வரிசையாக வெள்ளைத் தூண்களை நிறுத்தினால் பார்ப்பவருக்குக் கல்யாண மண்டபம்தான் நினைவுக்கு வரும்.

நாடகம் முழுக்க அந்த ஒரு வாசலைச் சுற்றியே நகர்கிறது. பத்தாண்டு போருக்குப் பின் வீடு திரும்பும் அரசன் அகமெம்னன் தன் வாசலைத் தாண்டுவதற்குள் மனைவி கிளைடெம்னெஸ்ட்ராவின் பிடிவாதத்துக்கு வளைந்துகொடுக்க வேண்டியிருக்கிறது. கிளைடெம்னெஸ்ட்ரா கூப்பிட்டும் வாய் திறக்காத கசாண்ட்ரா, ட்ராயிலிருந்து அரசன் சிறைபிடித்து வந்த தீர்க்கதரிசிப் பெண், உள்ளே என்ன காத்திருக்கிறது என்று தெரிந்தே பிறகு தானாக நுழைகிறாள். அரசனின் மரண ஓலம் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்கிறது. கடைசியில் கதவு திறக்கும்போது அரசன், கசாண்ட்ரா இருவரின் பிணங்களும் அவற்றருகே கிளைடெம்னெஸ்ட்ராவும். கொலை கண்ணில் படுவதே இல்லை.

ஆகவே 5 அடி அகலம், 8 அடி உயரத்தில் இரட்டைக் கதவு செய்யச் சொல்லுங்கள். நிலை உண்மையான மரத்தில் இருக்கட்டும். கதவுப் பலகைக்கு பிளைவுட் போதும். கதவை அறைந்து சாத்தும்போது அரண்மனைச் சுவர் நடுங்கினால் அந்தக் காட்சி போயிற்று. நிலையைச் சுவர்த் தட்டிகளோடு ஆணியடித்து இணைக்காமல், அதற்கென்று தனியாகத் தரையோடு முட்டுக் கொடுங்கள். வாசலுக்குப் பின்னால் கறுப்புப் படுதா மட்டும் தொங்கினால் போதும். உள்ளறையை வரைந்து காட்ட வேண்டாம்.

அடுத்தது படிகள். உங்கள் திட்டத்தில் மிகப் பெரிய சிக்கல் இதில்தான் இருக்கிறது. பிணங்களை வெளியே காட்ட ஏதென்ஸ் அரங்கில் சக்கரம் வைத்த தாழ்ந்த மேடை ஒன்று இருந்தது. 458-லேயே அது வந்துவிட்டதா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இருந்தாலும் உங்களுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. வாசலை ஒட்டிப் படி இருந்தால் சக்கர மேடை வெளியே வர முடியாது. வாசலில் குறுக்குப்படி இருந்தாலும் அதே கதைதான். அதனால் நிலையின் அடிக்கட்டையை விட்டுவிட்டு, தரைமட்டத்திலேயே வாசல் அமையட்டும்.

சக்கர மேடை 4 அடி அகலம், 6 அடி நீளம். கதவு உள்பக்கமாகத் திறப்பதால் ஒவ்வொரு கதவும் திரும்ப இரண்டரை அடி வேண்டும். சக்கர மேடை அதற்கும் பின்னால் நிற்க வேண்டும். ஆக, சுவருக்குப் பின்னால் 9 அடியை விட்டுவிடுங்கள். எல்லாச் சக்கரங்களும் நேராக மட்டும் ஓடும் ரப்பர் சக்கரங்களாக இருக்கட்டும். திரும்பும் சக்கரம் நிலையில் போய் இடிக்கும். வெட்டிய இடத்திலேயே நிற்பதாகக் கிளைடெம்னெஸ்ட்ரா சொல்கிறாள், எனவே அவளும் அதன்மேல்தான் வர வேண்டும். மூன்று பேர் எடை என்று தச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பலகையின் பின்பக்கத்தை ஆறு அங்குலம் உயர்த்திச் சாய்வாக அமைத்தால் கீழே இருப்பவர்களுக்கும் பிணங்கள் தெரியும்.

முன்னால் மிஞ்சுவது 11 அடி. கோரஸுக்கு இது போதாதே என்பீர்கள். ஐந்து படிகளையும் மேடைக்கும் பார்வையாளர் கூடத்துக்கும் நடுவே வையுங்கள். முன்வரிசை நாற்காலிகளை எடுத்துவிட்டு 12 அடித் தரையைக் கோரஸுக்குக் கொடுங்கள். உயரத்தில் அரண்மனை, கீழே எதுவும் செய்ய இயலாத ஊர் முதியவர்கள்: நாடகத்துக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை. கதவு திறக்கும் கட்டத்தில் மட்டும் அவர்கள் இருபுறமும் ஒதுங்கி உட்கார வேண்டும், இல்லாவிட்டால் தலைகள் மறைக்கும். அகமெம்னனின் வண்டியும் பக்கவழியாகக் கூடத்துக்குள்ளேயே வரட்டும். அரசனுக்கு முன்னால் போர்ச் செய்தி கொண்டுவரும் கட்டியக்காரன் வந்த வழியிலேயே அரசனும் வர வேண்டும். எதிர்ப்பக்கம் ஊருக்குப் போகும் வழி. இதைக் கடைசிவரை மாற்றாதீர்கள்.

மனைவி விரிக்கச் சொல்லி, அகமெம்னன் மிதித்து அரண்மனைக்குள் போகும் துணிக்கு வருவோம். விமான நிலையத்தில் விரிக்கும் சிவப்புக் கம்பளம் அல்ல அது. கடல் நத்தையிலிருந்து எடுத்த சாயம் தோய்த்த, வீட்டின் செல்வமான நெய்த துணி. காலில் மிதிபடக் கூடாத பொருள் என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும். சேட்டின் வேண்டவே வேண்டாம்: அரசன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் அதன்மேல் படியேறுகிறான், வழுக்கிவிடும். கனமான காடாத் துணியை ஊதா கலந்த கருஞ்சிவப்பில் தோய்த்து, ஓரத்தில் அடர்த்தியாகப் பூவேலை தைத்துக்கொள்ளுங்கள். உள்ளிருந்து கூடத்துத் தரைவரை 25 அடி வேண்டும். கீழ் ஓர மடிப்புக்குள் மெல்லிய சங்கிலி வைத்துத் தைத்தால் துணி படிகளில் படிந்து நிற்கும். மஞ்சள் விளக்கில் ஊதா கறுத்துப்போகும் என்பதால், மொத்தமாகச் சாயம் போடுமுன் ஒரு முழத்தைத் தோய்த்து விளக்கடியில் பாருங்கள்.

நாடகம் தொடங்குவது மொட்டைமாடியில். காவலாள் அங்கே படுத்துக்கொண்டு ட்ராய் வீழ்ந்ததை அறிவிக்கும் மலையுச்சித் தீக்காகக் காத்திருக்கிறான். கதவுக்கு மேலே ஓர் ஆள் படுக்கும் அளவு பரண், பின்னால் ஓர் ஏணி போதும். ஆனால் பரண் தனிக் கால்களில் நிற்க வேண்டும், தட்டிகளின் மேல் அல்ல. மலைத்தீயை விளக்குப் போட்டுக் காட்ட வேண்டாம். அதைக் காட்டுவது நடிகரின் வேலை.

வாசலருகே இடுப்பளவு உயரத்தில் கூம்பு வடிவக் கல் ஒன்றை நிறுத்துங்கள். தெருவைக் காக்கும் அப்பல்லோ தெய்வத்துக்கு வீட்டு முகப்பில் வைக்கும் கல் அது. கசாண்ட்ரா அந்தப் பெயரைச் சொல்லித்தான் கதறுகிறாள். ஓவியத் திரையைத் தாராளமாகக் கைவிடலாம். தட்டிகளுக்குக் காவியும் சாம்பலும் கலந்த மங்கிய பூச்சு அடியுங்கள், பளபளப்பில்லாத பெயிண்டாகப் பார்த்து வாங்குங்கள்.