பழைய காம்பேக்ட் கேமரா செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாமா? ஸ்பீடு, பேட்டரி, மெமரி எல்லாம் இப்ப தாங்குமா?

தாராளமா வாங்கலாம். இதே கேள்விக்கு ஒருத்தர் "கையில ஃபோன் இருக்கும்போது இந்தக் குப்பையை எதுக்கு தூக்கிட்டு அலையணும்"னு பதில் போட்டிருக்கார், அதைப் படிச்சதும் மனசு கேக்கல, அதான் எழுத உக்காந்துட்டேன்.

நீங்க காலேஜ் படிக்கிற ஆளுன்னு நினைக்கிறேன். இன்ஸ்டாகிராம்ல பழைய சிசிடி (அந்தக் காலத்து டிஜிட்டல் கேமராவுல படத்தைப் பிடிக்கிற சென்சார் வகை) கேமரா படங்களைப் பார்த்து ஆசை வந்திருக்கும், பட்ஜெட்டும் சின்னதா இருக்கும். விக்கிறவங்க உங்ககிட்ட மெகாபிக்சலை மட்டும்தான் சொல்லுவாங்க, அதை நம்பி முடிவு பண்ணாதீங்க. நீங்க கேட்ட மூணு விஷயம்தான் சரியான கேள்வி, அதுலயும் பேட்டரிதான் முதல்ல.

என்கிட்ட இருக்கிறது கேனான் பவர்ஷாட் ஏ570 ஐஎஸ், 2007-ல வந்த மாடல். 7.1 மெகாபிக்சல், நாலு மடங்கு ஜூம், ரெண்டு ஏஏ பேட்டரி. இன்னைக்கும் ஓடுது. நான் கேனான் ஏஜெண்ட் எல்லாம் கிடையாது, இதைவிட நல்ல கேமரா எவ்வளவோ இருக்கு, எனக்குத் தெரிஞ்சது இது, அதனால இதை வச்சு சொல்றேன்.

2009 பங்குனி உத்திரத்துக்கு எங்க அக்கா பையனுக்கு சாஸ்தா கோயில்ல மொட்டை, காதுகுத்து. கோயில் திருச்செந்தூர் பக்கம் தேரிக்காட்டை ஒட்டி இருக்கு. அப்ப அங்க கரெண்ட் லைன் கிடையாது, ஜெனரேட்டர் கூட ராத்திரி மைக் செட்டுக்குதான் போடுவாங்க. அத்தான் புதுசா ஒரு ஒல்லி கேமரா வாங்கியிருந்தார், லித்தியம் பேட்டரி, சட்டைப் பையில வைக்கலாம், பார்க்க அழகா இருக்கும். வேன்ல ஏறுனதுல இருந்து வீடியோ எடுத்துட்டே வந்தார், மொட்டை அடிச்சு முடிக்கிறதுக்குள்ள பேட்டரி படுத்துடுச்சு. சார்ஜர் பையிலதான் இருந்துச்சு, சொருகுறதுக்கு ப்ளக் பாயிண்ட்தான் இல்ல. சித்தப்பா மகன் ஒருத்தன் ஏஏ போடுற கேமரா வச்சிருந்தான், அதுவும் தீர்ந்துடுச்சுன்னு ஓடிப்போய் பெட்டிக்கடையில ரெண்டு பேட்டரி வாங்கிட்டு வந்தான். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுற பேட்டரி அது. லென்ஸ் வெளிய வந்துச்சு, ஃப்ளாஷ் அடிச்சு ஒண்ணு ரெண்டு படம் எடுத்தான், உடனே பேட்டரியை மாத்துன்னு காட்டி மூடிக்கிச்சு. கடைக்காரர் பழைய பேட்டரியைக் கொடுத்து ஏமாத்திட்டார்னு சண்டைக்குப் போகப் பார்த்தான். அவர் மேல தப்பே இல்ல. கேமராவுல லென்ஸ் மோட்டார் ஓடும்போதும் ஃப்ளாஷ் சார்ஜ் ஏறும்போதும் ஒரேடியா கரெண்ட் இழுக்கும், கடிகார பேட்டரியால அதைக் கொடுக்க முடியாது. அல்கலைன் கொஞ்சம் பரவாயில்ல, ஆனா அதுவும் லோடு விழுந்தா வோல்ட்டேஜ் படுத்துடும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல் மேல 1.2 வோல்ட்னுதான் போட்டிருக்கும், அல்கலைன் 1.5, அதைப் பார்த்துட்டு ரீசார்ஜ் செல் வீக்குன்னு சொல்றவங்க இன்னமும் இருக்காங்க. நெஜத்துல அந்த 1.2 லோடுலயும் கடைசி வரைக்கும் கிட்டத்தட்ட அப்படியே நிக்கும். என் கேமராவோட மேனுவல்லயே அல்கலைனைவிட ரீசார்ஜ் செல்லுல மூணு மடங்குக்கு மேல படம் எடுக்கலாம்னுதான் கணக்குப் போட்டிருக்கான். நான் எப்பவும் ரெண்டு செல் கேமராவுல, ரெண்டு செல் பையில வச்சிருப்பேன். பையில இருந்த ஜோடியை சித்தப்பா மகன்கிட்ட கொடுத்தேன், சாயங்காலம் வரைக்கும் எடுத்தான்.

காதுகுத்துற நேரம் வந்துச்சு. எங்க பெரியண்ணன் மடியில பையன், கையில வாழைப்பழம். ஆசாரி காதுமடல்ல குங்குமத்தால ஒரு பொட்டு வச்சு, ரெண்டு காதும் சமமா இருக்கான்னு தள்ளி நின்னு பார்த்தார். அப்புறம் தங்கக் கம்பியை விரல் இடுக்குல மறைச்சுக்கிட்டு பக்கத்துல வந்தார். குத்துறது ஒரு நொடி கூட இருக்காது, ரெண்டாவது காதுக்கு பையன் கத்தித் திமிறுவான், அப்ப ஒண்ணும் எடுக்க முடியாது. இங்கதான் ஸ்பீடு மேட்டர். பழைய காம்பேக்ட் ஸ்லோன்னு எல்லாரும் சொல்றது பட்டனை ஒரே அழுத்தா அழுத்துறதால. அப்படி அழுத்துனா கேமரா அதுக்கப்புறம்தான் ஃபோகஸ் தேடும், கிட்டத்தட்ட அரை செகண்டு போயிடும், அதுக்குள்ள ஆசாரி வேலையை முடிச்சிடுவார். நான் அந்தக் குங்குமப் பொட்டுல பாதி அழுத்தி ஃபோகஸைப் பிடிச்சு வச்சுக்கிட்டேன், அவர் கை அசையவும் மீதியை அழுத்தினேன், கண்ணை இமைக்கிற நேரத்துல படம் விழுந்துச்சு. கம்பி காதுக்குள்ள போற அந்த நொடி, பையன் இன்னும் அழ ஆரம்பிக்கல, பழத்தைத்தான் பார்த்துட்டு இருக்கான். ஃப்ளாஷ் போடவே இல்ல. பந்தலுக்கு வெளிய நல்ல வெயில், உள்ள வந்த வெளிச்சமே போதும், ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை எவ்வளவு கூட்டி எடுக்கணும்ங்கிற செட்டிங்) 200 வச்சேன். ஃப்ளாஷ் அடிச்சிருந்தா அடுத்த படத்துக்கு அது சார்ஜ் ஏறுற வரைக்கும் அஞ்சாறு செகண்டு சும்மா நிக்கணும், செல் இறங்க இறங்க இன்னும் நேரமாகும். பேட்டரி வீக்கா இருந்தா கேமரா ஸ்லோவா இருக்கும்னு நான் சொல்றது இதைத்தான், ரெண்டும் தனித்தனி விஷயம் இல்ல. அந்தப் படம் பத்துக்கு எட்டு இன்ச் பிரிண்ட் போட்டு அக்கா வீட்டு ஹால்ல மாட்டியிருக்கு, 3072க்கு 2304 பிக்சல் அந்த சைஸுக்கு நல்லாவே தாங்கும்.

இதை வச்சு ஃபோன் மட்டம்னு நான் சொல்றதா யாரும் கிளம்பிடாதீங்க. ராத்திரி வெளிச்சம் இல்லாத இடத்துல இன்னைக்கு ஃபோன் எடுக்கிற படத்தை இந்தக் கேமராவால எடுக்கவே முடியாது. இதுல இருக்கிற ஐஎஸ் நம்ம கை ஆட்டத்தைத்தான் தடுக்கும், குழந்தை தலையை ஆட்டுனா அதுக்கு ஒண்ணும் செய்யாது. ஆனா கரெண்ட் இல்லாத ஊர்ல செல் தீர்ந்தா மாத்தி அடுத்த நிமிஷமே படம் எடுக்கலாம், அது ஃபோன்ல நடக்காது.

நெட்ல மாடல் பேரைப் போட்டுத் தேடுனா இத்தனை ஷாட் வரும்னு ஒரு நம்பர் வரும் பாருங்க, அது ஜப்பான் கேமரா கம்பெனிகள் சங்கமான சிஐபிஏ வச்ச ரூல்படி டெஸ்ட் பண்ணது. 30 செகண்டுக்கு ஒரு படம், ஒவ்வொரு தடவையும் ஜூம், ஒண்ணு விட்டு ஒண்ணு ஃப்ளாஷ், பத்து படத்துக்கு ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன். பகல்ல ஃப்ளாஷ் இல்லாம எடுத்தா அதைவிட நல்லாவே வரும். எங்க மாடல்ல கண்ணு வச்சுப் பார்க்கிற வியூஃபைண்டர் இருக்கு, திரையை ஆஃப் பண்ணிட்டு அதுல பார்த்து எடுத்தா இன்னும் நிக்கும். செல் வாங்கும்போது 2005-ல சான்யோ கொண்டுவந்த எனலூப் மாதிரி வச்சா இறங்காத வகையா பார்த்து வாங்குங்க, சாதா ரீசார்ஜ் செல் டிராயர்ல சும்மா கிடந்தாலே கொஞ்சம் கொஞ்சமா இறங்கிடும்.

மெமரி கார்டுலதான் நிறைய பேர் மாட்டுறாங்க. 2 ஜிபி வரைக்கும் சாதா எஸ்டி, 4-ல இருந்து 32 வரைக்கும் எஸ்டிஎச்சி, அதுக்கு மேல எஸ்டிஎக்ஸ்சி. எஸ்டிஎச்சி வந்ததே 2006-ல, அதுக்கு முந்தின கேமராவுல போட்டா படிக்காது, கேமரா கெட்டுப்போச்சுன்னு நினைச்சுத் தூக்கிப் போட்டவங்களை எனக்குத் தெரியும். 64 ஜிபி கார்டை அந்தக் காலத்து கேமராவுல போடணும்னு ஆசைப்படவே வேண்டாம். ஒரு படம் சுமார் 3 எம்பி, 2 ஜிபியிலயே அறுநூறு படம் கிட்ட வந்துடும். வீடியோதான் திங்கும், 640க்கு 480லயே நிமிஷத்துக்கு நூறு எம்பிக்கு மேல. பழைய ஒலிம்பஸ், ஃபுஜி மாடல்ல வர்ற எக்ஸ்டி கார்டும் பழைய சோனியில வர்ற மெமரி ஸ்டிக்கும் இப்ப கிடைக்கிறது கஷ்டம், கேமரா சும்மா கொடுத்தாலும் கார்டு இருக்கான்னு கேட்டுட்டு வாங்குங்க. வாங்குன கார்டை எச்2டெஸ்ட்டபிள்யூ சாஃப்ட்வேர்ல போட்டு முழுசா எழுதிப் பாருங்க, டூப்ளிகேட்னா அதுல தெரிஞ்சிடும்.

கேமராவைக் கையில வாங்குனதும் பேட்டரி மூடி கொக்கி உடைஞ்சிருக்கான்னு பாருங்க, இந்த ஏஏ மாடல்கள்ல முதல்ல போறது அதுதான். லென்ஸ் வெளிய வரும்போது நறநறன்னு சத்தம் வந்தா உள்ள மணல் போயிருக்கு, வேண்டாம். 2002-ல இருந்து 2004 வரைக்கும் வந்த பல மாடல்ல சென்சாரே கெட்டுப்போற குறை இருந்துச்சு, பல கம்பெனி ஒத்துக்கிட்டு இலவசமா மாத்திக் கொடுத்தாங்க, அந்தக் காலத்து மாடல்னா கண்டிப்பா படம் எடுத்துப் பார்த்துட்டு வாங்குங்க.

இன்னொண்ணும் சொல்லணும், கேள்விக்கு சம்பந்தம் இல்லன்னாலும் பரவாயில்ல. போன வருஷம் ஒரு அணைப் பூங்காவுக்கு குடும்பத்தோட போனோம். கேட்ல என் கையில இருந்த இந்தக் குட்டி கேமராவைப் பார்த்துட்டு கேமராவுக்குத் தனி டிக்கெட் எடுன்னு நிறுத்துனாங்க. எனக்கு முன்னாடி போனவர் பின்னாடி மூணு லென்ஸ் வச்ச ஃபோன்ல வீடியோ எடுத்துக்கிட்டே உள்ள போறார், அவருக்கு ஒண்ணும் கிடையாது. காசு பெருசில்ல சார், எதுக்கு இந்த ரூல்னு ஒருத்தராவது சொல்லணும்ல? ஃபிலிம் காலத்துல எழுதுன போர்டு அது, யாரும் மாத்தல. காசு கட்டிட்டுதான் உள்ள போனேன், ஆனா பிள்ளைங்க முன்னாடி நம்மளை ஏதோ திருட்டுத்தனம் பண்ண வந்தவன் மாதிரி பார்த்தது இன்னும் ஆறல. நீங்களும் இந்தக் கேமராவோட வெளிய போனா இது நடக்கலாம், சில்லறை வச்சுக்கோங்க.

வாங்குறதுக்கு முன்னாடி மாடல் நம்பரைக் கீழ போடுங்க, எத்தனை ஜிபி கார்டு வரைக்கும் எடுக்கும்னு பார்த்துச் சொல்றேன்.