சிலிர்ப்பா, வலிப்பா? கைக்குழந்தைகளின் உதறலைப் பற்றி வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: என் மகள் வயிற்றுப் பேரனுக்கு எட்டு மாதம் ஆகிறது. கூழ்க் கிண்ணத்தைக் கண்டதும், குளிப்பாட்டும்போது முதல் செம்புத் தண்ணீர் மேலே பட்டதும், அவனுடைய தலையும் தோளும் கிடுகிடுவென்று நடுங்கி, இரண்டு மூன்று விநாடிகளில் நின்றுவிடுகின்றன. நடுங்கும்போதே கிண்ணத்தைப் பார்த்துச் சிரிக்கிறான். சில நாட்களில் பத்துப் பதினைந்து முறைகூட வருகிறது. பக்கத்து வீட்டு ஆச்சி இது வலிப்பின் தொடக்கம் என்று சொன்னதிலிருந்து என் மகள் சாப்பிடாமல் தூங்காமல் சிங்கப்பூரில் இருக்கும் மாப்பிள்ளையிடம் தொலைபேசியில் அழுதுகொண்டே இருக்கிறாள். என்ன செய்வது?
— வாசகி, பள்ளத்தூர்

பதில்: முதலில் உங்கள் மகளைச் சாப்பிடச் சொல்லுங்கள், அம்மா. நீங்கள் விவரித்திருப்பது பெரும்பாலும் சிலிர்ப்பு என்று சொல்லத்தக்க தீங்கற்ற நடுக்கம்தான். குளிர்ந்த நீர் முதுகில் பட்டால் பெரியவர்களாகிய நமக்கும் ஒரு கணம் உடல் சிலிர்க்கிறதல்லவா, அதுபோல இக்குழந்தைகளுக்கு ஆர்வமோ கோபமோ மிகும்போதும், உணவைக் காணும்போதும், சில வேளைகளில் சிறுநீர் கழிக்கும்போதும் தலையும் தோளும் மேலுடம்பும் நடுங்கும். பெரும்பாலும் முதல் வயதுக்குள் தொடங்கி, வளர வளரக் குறைந்து, சில ஆண்டுகளில் தானாகவே மறைந்துவிடும். நடுக்கம் வரும் வேளையிலேயே மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்தாலும் அந்தப் பதிவு இயல்பாகவே இருக்கும். இதற்கு மருந்து தேவையில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகுந்த நிம்மதியைத் தந்தது, நடுங்கும்போதே கிண்ணத்தைப் பார்த்துச் சிரிக்கிறான் என்ற வரிதான். உடல் முழுவதும் ஒருசேர நடுங்கும் வலிப்பின் நடுவே எந்தக் குழந்தையும் கிண்ணத்தைப் பார்த்துச் சிரிப்பதில்லை. அடுத்த முறை நடுக்கம் வரும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், அல்லது தூக்கி மடியில் வேறு பக்கமாக வைத்துப் பாருங்கள். உங்கள் பக்கம் திரும்பிப் பார்த்து நடுக்கத்தை விட்டுவிடுவான். அவ்வாறு விடாமல் கண்கள் ஒரு பக்கமாகச் செருகினாலோ, ஒரு கை அல்லது ஒரு கால் மட்டும் வெட்டினாலோ, தூக்கத்திலும் வந்தாலோ, உட்காரத் தெரிந்தவன் உட்கார மறந்தாலோ நான் இப்போது சொன்னது பொருந்தாது. எப்படியானாலும் கடிதத்தை மட்டும் நம்பி ஒரு குழந்தைக்கு முடிவு சொல்வது முறையாகாது. ஆகவே நடுக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து, காரைக்குடியில் நீங்கள் வழக்கமாகக் காட்டும் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஐந்தரை மாதம். இரண்டு வாரங்களாக ஏணையில் தூங்கி எழுந்தவுடன் அவளுடைய தலை சட்டென்று முன்னால் தாழ்கிறது. இரண்டு கைகளும், தூக்கச் சொல்லிக் கேட்பதுபோல, முன்னால் உயர்கின்றன. ஒரு விநாடிதான். சற்று நேரம் விட்டு மறுபடியும் அதேபோல வருகிறது. நேற்று எண்ணிப் பார்த்தேன், பதினெட்டு முறை. முடிந்ததும் அழுகிறாள். முன்புபோல என் முகம் பார்த்துச் சிரிப்பதும் குறைந்துவிட்டது. தூக்கத்தில் நரி விரட்டுகிறது, பயந்து எழுகிறாள் என்கிறார் என் மாமியார். ஒரு மருத்துவர் வயிற்றில் வாயு என்று சொட்டு மருந்து கொடுத்தார். அடுத்த மாதம் ஊர்த் திருவிழா முடிந்ததும் மதுரைக்குக் கொண்டு போய்க் காட்டலாம் என்று இருக்கிறோம். அதுவரை பொறுக்கலாமா?
— வாசகி, தேவகோட்டை

பதில்: பொறுக்கக் கூடாது. இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே இவருடன் தொலைபேசியில் பேசிவிட்டேன். இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கக்கூடிய கேள்வி அல்ல இது. மறுநாளே குழந்தையை மதுரைக்குக் கொண்டு சென்றார்கள்; பரிசோதனையில் நான் அஞ்சியதே உறுதியாகி, சிகிச்சையும் தொடங்கிவிட்டது. இவருடைய ஒப்புதலோடுதான் இங்கே விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் இதே காட்சி வேறொரு வீட்டின் ஏணையிலும் இன்று காலை நிகழ்ந்திருக்கக்கூடும்.

இது சிசுக்களுக்கு வரும் ஒரு தனி வகை வலிப்பு; ஆங்கிலத்தில் இன்ஃபன்டைல் ஸ்பாசம் என்பார்கள். பெரும்பாலும் மூன்றாம் மாதத்திலிருந்து முதல் வயது நிறைவதற்குள், மிகுதியாக நான்கு முதல் ஏழு மாதங்களில் தொடங்குகிறது. வலிப்பு என்றதும் நம் மனத்தில் தோன்றும் நுரை தள்ளுதல், கைகால் இழுத்தல், நினைவு தப்பிக் கிடத்தல் எதுவும் இதில் இராது. தலை தாழும், கைகள் விரியும் அல்லது முன்னால் உயரும், முழங்கால்கள் வயிற்றை நோக்கி மடங்கும். ஓரிரு விநாடிகளில் உடல் தளர்ந்துவிடும். ஐந்து, பத்து விநாடிகள் கழித்து அச்சுப் பிசகாமல் மறுபடியும் அதுவே வரும். இப்படித் தொடர்ச்சியாக, பெரும்பாலும் தூங்கி எழும் வேளையில் வருவதுதான் இதன் அடையாளம். சில குழந்தைகளுக்குத் தலை லேசாக ஆடுவதோ, கண்கள் மேலே ஏறி இறங்குவதோ மட்டுமே தெரியும். பள்ளத்தூர்க் குழந்தையின் நடுக்கம் வீட்டையே அழவைத்தது, அதில் தீங்கு ஒன்றுமில்லை. இந்தக் குழந்தையின் தலையசைப்பு யாரையும் பெரிதாக அச்சுறுத்தவில்லை, ஆனால் மூளையின் வளர்ச்சியையே நிறுத்திவைக்கும் ஆற்றல் அதற்கு இருக்கிறது. கைக்குழந்தை உள்ள வீட்டார் இந்த முரணைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இம்முறை பக்கம் முழுவதையும் இதற்கு ஒதுக்கினேன்.

இதைக் கவனிக்கத் தவறியதற்காக எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை. 1841-இல் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் லான்செட் என்னும் மருத்துவ இதழுக்கு எழுதிய கடிதத்தில்தான் இந்நோய் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அவர் விவரித்தது தம் சொந்த மகனின் நிலையை. நான்கு மாதம் வரை நன்றாக வளர்ந்த குழந்தையின் தலை லேசாக முன்னால் ஆடத் தொடங்கியபோது அதைப் பிள்ளையின் ஏதோ பழக்கம் என்றே எண்ணிவிட்டதாக, மருத்துவராகிய அந்தத் தந்தையே எழுதியிருக்கிறார். தலை தாழ்த்தி வணங்குவதுபோல் இருந்ததால் அக்காலத்தில் இதைச் சலாம் வலிப்பு என்றும் அழைத்தார்கள்.

வாயுத் தொல்லை என்று கருதுவது எளிதில் நேரும் பிழை. ஆனால் வேறுபாட்டை வீட்டிலேயே காணலாம். வயிற்று வலியால் நெளியும் குழந்தை நிமிடக்கணக்கில் முறுக்கி, முகம் சிவந்து, வாயு பிரிந்ததும் அமைதியாகும். அதன் அசைவு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக இருக்கும். கதவு அறைந்த ஓசைக்குக் கைகளை விரித்துத் தூக்கிவாரிப் போடும் அசைவோ, ஒரு காரணத்தை ஒட்டி ஒருமுறை வந்து அடங்குவது. அதுவும் நான்கு முதல் ஆறு மாதங்களுக்குள் மறைந்துவிட வேண்டியது. வெளியிலிருந்து ஓசையோ அதிர்வோ எதுவும் தூண்டாமல், அதே அளவில் அதே வடிவில், கடிகாரம் அடிப்பதுபோல் மீண்டும் மீண்டும் வந்தால் அது வேறு. கையை மெல்லப் பிடித்துப் பார்த்தாலும் அந்த வெட்டு நிற்காது. உங்கள் கைக்குள்ளேயே அதை உணர்வீர்கள்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது எட்டு மாதக் குழந்தை ஒன்றை அதன் அப்பத்தா தோளில் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு மாதங்களாக வாயு மருந்து மட்டுமே கொடுத்து வந்திருக்கிறார்கள். ஆறு மாதத்தில் கழுத்து நின்று கிலுகிலுப்பையைக் கைமாற்றி விளையாடிய பிள்ளை, நான் பார்த்தபோது கழுத்துத் துவண்டு, என் கையிலிருந்த டார்ச் விளக்கின் ஒளியைக்கூடப் பின்தொடரவில்லை. “இவன் என்னைப் பார்த்துச் சிரிப்பான் ஐயா, இப்போதுதான் பார்க்க மாட்டேன் என்கிறான்” என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. வலிப்புத் தொடங்கியதற்கும் சிகிச்சை தொடங்குவதற்கும் இடையே நாட்கள் கூடக் கூட, பின்னாளில் அறிவு வளர்ச்சிக் குறைபாடும் கூடுகிறது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

செய்ய வேண்டியது இதுதான். குழந்தை தூங்கி எழும் வேளைக்கு முன்பே கைப்பேசியை எடுத்து வைத்துக்கொண்டு, போர்வையை விலக்கி, வெளிச்சத்தில், முகமும் இரு கைகளும் ஒருசேரத் தெரியும்படி, ஒரே ஓர் அசைவை மட்டும் எடுக்காமல் தொடர் முழுவதையும் படம் பிடியுங்கள். பிறகு அன்றோ மறுநாளோ குழந்தை மருத்துவரிடம் காட்டி, மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுக்க வழி கேளுங்கள். குழந்தை தூங்கும்போதும், தூங்கி எழும்போதும் சேர்த்து எடுத்த பதிவே நம்பத்தக்கது. விழித்திருக்கும்போது சிறிது நேரம் மட்டும் எடுத்த பதிவு இயல்பாக வந்துவிட்டதென்று வீடு திரும்பிவிடாதீர்கள். முதல் நாளே தலைக்கு ஊற்றி, எண்ணெய் தடவாமல் அழைத்துச் செல்லுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மின்முனைகள் தலையில் ஒட்டா. பிறந்த மருத்துவமனையில் கொடுத்த குறிப்பையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். பிறந்தவுடன் அழத் தாமதமானதா, முதல் நாட்களில் இரத்தச் சர்க்கரை குறைந்ததா என்பவை காரணத்தைத் தேடும் மருத்துவருக்கு மிகவும் உதவும். தோலில் வெளிறிய திட்டுகள் இருந்தால் அவற்றையும் காட்டுங்கள், அவை ட்யூபரஸ் ஸ்க்ளிரோசிஸ் என்ற மரபணு நோயின் அடையாளமாக இருக்கலாம்.

இதே போன்ற அசைவுகள் வந்தும் இ.இ.ஜி. இயல்பாகவே இருந்து, எந்தத் தீங்கும் இன்றி மறையும் குழந்தைகளும் உண்டு. ஆனால் வெறும் கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கும் இயலாது.

சிகிச்சையாக ஏ.சி.டி.எச். என்னும் ஹார்மோன் ஊசி, அதிக அளவில் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை, விகாபாட்ரின் என்னும் வலிப்பு மருந்து ஆகியவற்றுள் ஏற்றதை நரம்பியல் மருத்துவர் தேர்ந்தெடுப்பார். பிரெட்னிசோலோன் விலை மலிவானது. பணமில்லை என்று எவரும் தயங்க வேண்டியதில்லை. மருந்து கொடுக்கும் வாரங்களில் குழந்தைக்குப் பசியும் எரிச்சலும் கூடும், முகம் உப்பும், தொற்று எளிதில் பற்றும், இரத்த அழுத்தம் உயரலாம். இவற்றைக் கண்டு பயந்து மாத்திரையைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தானது. அடுத்த தடுப்பூசிக்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வலிப்பு நின்றாலும் எல்லாக் குழந்தைகளும் முழுமையாக மீள்வதில்லை, அது பெரிதும் காரணத்தைப் பொறுத்தது; தேவகோட்டைக் குழந்தைக்கும் முடிவு சொல்ல இன்னும் காலம் வேண்டும்.

கேள்வி: பேத்தி பிறந்து முப்பத்தைந்து நாள். தூங்கும்போது கைகளும் கால்களும் வெட்டி வெட்டி இழுக்கின்றன. ஏணையை ஆட்டினால் அடங்கும் என்று ஆட்டுகிறோம், கூடுகிறதே தவிர அடங்கவில்லை. எழுப்பினால் உடனே நின்றுவிடுகிறது. சளிக்குக் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் தடவுகிறோம், அதனால் இருக்குமா?
— வாசகர், கானாடுகாத்தான்

பதில்: ஏணையை ஆட்ட ஆட்டக் கூடுகிறது என்று நீங்கள் கவனித்திருப்பது அருமையான கவனிப்பு, ஐயா. பிறந்த சில நாட்களிலிருந்து தூக்கத்தில் மட்டும் வரும் இந்தத் தீங்கற்ற வெட்டு, ஆட்டினால் கூடும், எழுப்பியவுடன் நின்றுபோகும். எழுப்பினால் நிற்பதே இதை வலிப்பிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் மறைந்துவிடும். விழித்திருக்கும்போதும் வந்தாலோ, பால் குடிக்கச் சோர்ந்தாலோ அன்றே காட்டுங்கள்.

கற்பூர எண்ணெயை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள். கற்பூரம் சிசுவின் மெல்லிய தோல் வழியாகவும் உள்ளே சென்று, உண்மையான வலிப்பையே உண்டாக்கக்கூடிய நஞ்சு. தலைமுறை தலைமுறையாகத் தடவி வந்திருக்கிறோம் என்பது எனக்கும் தெரியும், என் ஆயாவும் எனக்குத் தடவியிருக்கிறார்; ஆயினும் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அதை எட்டாத இடத்தில் வையுங்கள். வசம்பை உரைத்து நாக்கில் தடவுவதும் வேண்டாம்.

கேள்வி: கைகால் இழுத்து உண்மையான வலிப்பே வந்துவிட்டால், மருத்துவமனை போகும்வரை கையில் இரும்புச் சாவி கொடுக்கலாமா?
— வாசகர், கோட்டையூர்

பதில்: வேண்டாம். சாவியைத் தேடி வளவிலிருந்து முகப்புக்கு ஓடும் நேரத்தில் குழந்தையின் பக்கத்தில் இருங்கள். தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்து, இடுப்புத் துணிகளைத் தளர்த்தி, வாயில் தண்ணீரோ மருந்தோ விரலோ வைக்காமல், கைகால்களை அழுத்திப் பிடிக்காமல், கடிகாரத்தைப் பாருங்கள். முதல்முறை வரும் வலிப்பானாலும், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையானாலும், உதடு நீலம் பூத்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். முன்பே வலிப்பு வந்து சிகிச்சையில் இருக்கும் குழந்தையாக இருந்தால், 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, ஒன்று அடங்கி நினைவு திரும்புமுன் அடுத்தது வந்தாலோ அழைக்க வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது, எந்தப் பக்கம் முதலில் இழுத்தது என்பதை யாராவது ஒருவர் சீட்டில் குறித்துக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.