பட்டம் முதலில் பறக்கட்டும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

ராதாபுரம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். போன மாதம் ஒரு பயிற்சியில், ஒரே பொருளை வைத்து எல்லாப் பாடங்களையும் இணைத்து நடத்துவது பற்றிச் சொன்னார்கள். எங்கள் குழுவுக்கு வந்தது பட்டம். சார்ட்டில் நடுவே பட்டம் வரைந்து, தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து கோடு இழுத்தோம். நல்ல கைதட்டல். பள்ளியில் வந்து சொன்னால் தலைமையாசிரியர், "பட்டம் விட்டுக்கிட்டு இருந்தா போர்ஷனை எப்போ முடிக்க?" என்கிறார். எனக்கே இப்போது சந்தேகம். நிஜமாகவே ஐந்து பாடமும் பட்டத்தில் இருக்கிறதா, இல்லை சார்ட்டோடு சரியா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சருக்கு,

ஐந்து கோட்டில் இரண்டை அழிக்க வேண்டிவரும். எந்த இரண்டு என்பது பிள்ளைகள் பட்டம் விட்ட பிறகு தெரியும். முதலில் ஒரு பட்டம் பறக்கட்டும். முதல் நாள் பாதிக்கு மேல் பறக்காது. கரணம் அடிக்கும், ஒரு பக்கமாகச் சாய்ந்து தரையில் குத்தும். பாடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

உங்கள் அறிவியல் வகுப்பு முழுக்கச் சூத்திரத்தில் இருக்கிறது. குச்சிகள் குறுக்கிடும் இடத்திலும் கீழே வால் பக்கமும் நூலைக் கட்டி, அதன் நடுவில் ஓரிடத்தில் பட்டநூலை முடிகிறோமே, அந்த முடிச்சைச் சொல்கிறேன். அதை ஒரு விரற்கடை மேலே தள்ளினால் பட்டம் காற்றுக்குப் படிந்து போகும், இழுப்பு குறையும். கீழே தள்ளினால் நிமிர்ந்து நின்று காற்றை மார்பில் வாங்கும். நூல் விண்ணென்று நிற்கும், பட்டம் ஏறாது. எடை கீழே இழுக்கிறது, காற்று தள்ளுகிறது, நூல் பிடித்திருக்கிறது. இந்த மூன்றும் எங்கே சமன் ஆகின்றன என்பதை அந்த முடிச்சு தீர்மானிக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். முடிச்சைத் தொட்டவன் வாலைத் தொடக்கூடாது. பையன்களால் இதுமட்டும் முடியாது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவார்கள். அப்புறம் பட்டம் பறந்தாலும் எதனால் பறந்தது என்று சொல்லத் தெரியாது. சோதனை என்றால் என்ன என்பது அங்கே புரியும்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பட்டத்தின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும். காலையில் தாங்கிய நூல் மதியம் அறுவது இதனால்தான். உங்கள் பிள்ளைகள் ஜன்னல் வழியே பார்க்கிற காற்றாலைக்கு இன்னும் அதிகம்: வேகம் இரண்டு மடங்கானால், ஒரு வரம்பு வரை, கிடைக்கும் திறன் எட்டு மடங்கு. பணகுடியிலும் கயத்தாற்றிலும் அத்தனை காற்றாலைகளை ஏன் நட்டார்கள் என்ற கேள்விக்கு இது பாதி பதில். ஆரல்வாய்மொழிக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் மீதி.

கணக்குக்கு வருவோம். பட்டம் என்றே ஒரு நாற்கரம் உண்டு, மூலைவிட்டங்களைப் பெருக்கிப் பாதியாக்கினால் பரப்பளவு. காகிதம் வெட்டும்போதே ஐந்து நிமிடத்தில் முடியும். உயரம் காண்பதில்தான் விஷயம் இருக்கிறது. "நூலில் தொய்வு இல்லை எனக் கொள்க" என்று கணக்குப் புத்தகங்களில் வருமே, அந்த வரியை நம்பாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நூல் சுற்றிய அட்டையில் ஒரு சுற்று 40 செ.மீ. என்றால், 200 சுற்று விட்டால் 80 மீட்டர். பாகைமானியின் மையத்தில் நூல் கட்டி அதில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு, விளிம்பு வழியே பட்டத்தைப் பார்த்தால் கோணம் கிடைக்கும். 45 பாகை என்று வைத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்புக்கு முக்கோணவியல் வேண்டாம். 10 மீட்டருக்கு ஒரு செ.மீ. என்று வரைபடத்தாளில் வரைந்தால் போதும், உயரம் சுமார் 56½ மீட்டர் வரும்.

இப்போது இன்னொரு பிள்ளையைப் பட்டம் இருக்கும் திசையிலேயே 30 மீட்டர் முன்னால் நிறுத்துங்கள். அவளுக்கு 66 பாகை தெரிகிறது என்றால், இரண்டு கோட்டையும் வரைந்து வெட்டும் இடத்தைப் பார்த்தால் உயரம் 54 மீட்டர்தான். இரண்டரை மீட்டர் எங்கே போயிற்று? நூல் தொய்ந்தது என்று வகுப்பே கத்தும். சரி, ஆனால் அவள் 66-க்குப் பதில் 65 என்று வாசித்திருந்தால் உயரம் 56 வந்துவிடும். ஒரு பாகையில் இரண்டு மீட்டர்! அப்படியானால் உயரம் குறைந்தது நூலின் தொய்வாலா, நம் கண்ணாலா? மறுபடி அளக்க வேண்டியதுதான். ஆள் மாற்றி அளந்து சராசரி எடுக்க வேண்டும். பாகைமானி கண் உயரத்தில் இருந்ததே, அதையும் கூட்ட வேண்டாமா என்று எவளாவது கேட்பாள். அந்தப் பிள்ளையைக் கவனித்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியருக்கும் இதுதான் பதில்: அளவை, விகிதம், கோணம், சராசரி என்று போர்ஷன்தானே நடக்கிறது?

சமூக அறிவியலுக்கு ஒரு வாரம் போதாது, ஒரு வருடம் வேண்டும். மாதம் ஒரு நாள் பட்டம் விட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று திசைகாட்டி வைத்து ஒரு நோட்டில் அம்புக்குறி போட்டு வரச் சொல்லுங்கள். ஆடியில் உங்கள் ஊர்ப் பட்டம் உவரிப் பக்கம் இழுக்கும். மழையைக் கேரளத்தில் இறக்கிவிட்டுக் கணவாய் வழியே வறண்டு வருகிற மேல்காற்று அது. மார்கழியில் வாடைக்காற்று பட்டத்தைக் கன்னியாகுமரிப் பக்கம் திருப்பும். இந்த இரண்டு அம்பைப் பார்த்த பிள்ளைக்கு, கொற்கைத் துறைக்கு வந்த கப்பல்கள் ஏன் வருடத்தில் எந்த மாதமும் வந்து போக முடியவில்லை என்று விளக்கவே வேண்டாம்.

கதை கேட்டால் நயாகராவைச் சொல்லுங்கள். 1848-இல் அந்தப் பள்ளத்தாக்கின் மேல் தொங்குபாலம் கட்ட முதல் நூலை அக்கரை சேர்த்தது ஹோமன் வால்ஷ் என்ற பையன் விட்ட பட்டம். அந்த நூலில் தடித்த நூலைக் கட்டி இழுத்தார்கள், பிறகு கயிறு, பிறகு கம்பி. இடிமேகத்தில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்க பெஞ்சமின் பிராங்க்ளின் பட்டம் விட்ட கதையை (1752) மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். மின்னல் அந்தப் பட்டத்தில் இறங்கவில்லை, மேகத்தின் மின்னூட்டம்தான் நூல் வழியே வந்தது. இறங்கியிருந்தால் சொல்ல அவர் மிஞ்சியிருக்க மாட்டார்.

தமிழ் வகுப்பில் தயவுசெய்து "பட்டம் தன் வரலாறு கூறுதல்" வேண்டாம். 'நான்தான் பட்டம் பேசுகிறேன்' என்று நாற்பது நோட்டைத் திருத்துவது யாருக்கும் நல்லதில்லை. எட்டாம் வகுப்பு, பட்டம் செய்யும் முறையைப் படம் இல்லாமல் எழுதட்டும். ஆறாம் வகுப்பு அதை மட்டும் படித்துப் பட்டம் கட்டட்டும். 'கொஞ்சம் மேலே கட்டவும்' என்று எழுதியவன் கொஞ்சம் என்றால் எவ்வளவு என்பதைத் தன் தம்பி கட்டிய பட்டத்தில் பார்த்துக்கொள்வான். இந்த இடத்தில் ஆங்கிலத்தை விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். இன்னொன்று எது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஒரு கண்டிப்பான விஷயம். உங்கள் பக்கம் மின்கம்பி இல்லாத வெளியே குறைவு. முதலில் நீங்கள் போய் இடத்தைப் பார்த்து வாருங்கள். பருத்தி நூல் போதும். நைலான் கூடாது, கம்பி கூடாது, நனைந்த நூலும் கூடாது. மாஞ்சா பேச்சே வேண்டாம், செயற்கை மாஞ்சாவை 2017-லேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. கம்பியில் சிக்கிய பட்டம் போனது போனதுதான், எடுக்கப் போகக் கூடாது. பையன்கள் முரண்டு பிடித்தால், 1934-ஆம் வருடத்து வானூர்திச் சட்டம் பட்டத்தையும் வானூர்திக் கணக்கில் வைத்திருந்தது என்று சொல்லுங்கள். விமானி என்றால் பேச்சுக் கேட்பார்கள்.

ஆடிக்காற்றில் காகிதம் கிழியும். மதியத்துக்குக் காத்திராமல் காலை முதல் பீரியடிலேயே விடுங்கள். எட்டாம் வகுப்பு எழுதுகிற செய்முறையில் ஒன்றை எனக்கு அனுப்புங்கள். திருத்தாமல் அனுப்புங்கள், அதைப் படித்து நானும் ஒரு பட்டம் கட்டிப் பார்க்கிறேன்.

அன்புடன்.