மின்சாரப் பேருந்தா, சி.என்.ஜி.யா: 12 வருடச் செலவைக் கணக்கிடுவது எப்படி?

20 டீசல் பேருந்துகளை மாற்றப் போகிறோம், மின்சாரமா சி.என்.ஜி.யா (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு), 12 வருடத்தில் எது மலிவு என்று எப்படிக் கணக்குப் போடுவது எனக் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் விலைப்பட்டியலை ஓரமாக வையுங்கள். ஒரு வண்டி என்ன விலை என்பதை விட, இப்போது ஓடும் அத்தனை டிரிப்பையும் ஓட்டி முடிக்க மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதுதான் கேள்வி. நீண்ட தடத்தில் ஒரே சார்ஜில் நாள் முழுக்க ஓட முடியாவிட்டால் 20 வண்டிக்குப் பதில் 22, 23 வாங்க வேண்டிவரும், மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கேயே கரைந்துவிடும். பேட்டரி பழசாகி அதன் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கியபின், ஏசியோ ஹீட்டரோ விடாமல் ஓடும் நாளிலும் தடம் தாங்குமா என்று பார்த்துவிட்டு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

அப்புறம் எரிபொருள். வருடம் 60,000 கி.மீ. ஓடும் டீசல் வண்டி 100 கி.மீ.க்கு 40 லிட்டர் குடித்தால் 24,000 லிட்டர். மின்சார வண்டிக்குக் கி.மீ.க்கு 1.3 யூனிட் என்றால் 78,000 யூனிட் என்று நிறுத்திவிடாதீர்கள், சார்ஜ் ஏறும்போது 10 சதவீதம் வீணானால் மீட்டரில் சுமார் 86,700 ஓடியிருக்கும்.

பலர் கோட்டை விடுவது உச்ச மின்தேவைக் கட்டணத்தில், அதாவது ஒரே நேரத்தில் இழுக்கும் அதிகபட்ச கிலோவாட்டுக்குக் கட்டும் கட்டணத்தில். 20 வண்டியும் பணிமனைக்குத் திரும்பியதும் ஒரே நேரத்தில் 100 கிலோவாட் சார்ஜரில் மாட்டினால் தேவை 2,000 கிலோவாட். வண்டிக்கு 200 யூனிட் போதும் என்றால், அதையே இரவு 8 மணி நேரத்துக்குப் பரப்பினால் 500 கிலோவாட்டில் முடிந்துவிடும் (இழப்பைச் சேர்த்தால் கொஞ்சம் கூடும்). டிரான்ஸ்ஃபார்மரும் சின்னதாகப் போதும்.

சி.என்.ஜி.க்கும் இப்படி மறைந்த செலவுகள் உண்டு: கம்ப்ரஸருக்கான மின்சாரம், அதன் பராமரிப்பு, சிலிண்டர் சோதனை, எரிவாயு கசிந்தால் பாதுகாப்பாக இருக்கப் பணிமனையில் செய்ய வேண்டிய மாற்றங்கள்.

பராமரிப்பில் மின்சார வண்டிக்கு ஆதாயம்தான். இன்ஜின் ஆயில் கிடையாது, பிரேக்கும் மெதுவாகத் தேயும். ஆனால் எடை கூடுதலாக இருந்தால் டயர் சீக்கிரம் போகலாம், அதைத் தனியாக எழுதுங்கள்.

பேட்டரி மாற்றும் செலவை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். 8 சதவீத வட்டியில், ஏழாம் வருடம் கொடுக்கும் 100 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு சுமார் 58 ரூபாய். அந்த மாற்றம் எப்போது வரும், யார் பணம் கொடுப்பார் என்பது வாரண்டியைப் பொறுத்தது. எத்தனை வருடம், எத்தனை கி.மீ., எத்தனை சதவீதக் கொள்ளளவு வரை என்று மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகு கணக்கில் பேட்டரிச் செலவுக்கான வரியை நிரப்புங்கள்.