உயர் ஹார்மோனிக் ஒளிக்குக் குவாண்டம் தன்மை உண்டா, அது வெறும் அலைதானா?

உண்டு. (வலிய லேசர் ஒரு பொருளில் படும்போது, லேசரின் அதிர்வெண்ணுக்குப் பல முழு மடங்கான அதிர்வெண்களில் வெளிவரும் ஒளிதான் உயர் ஹார்மோனிக்.) இதே கேள்வியைக் கேட்டு ஒரு கருத்தரங்கில் வாயடைத்து உட்கார்ந்தவன் என்பதால் எழுதுகிறேன். நீங்களும் இந்த ஒளி எப்படிப் பிறக்கிறது என்று சொல்லும் மூன்று படி மாதிரியைப் படித்துவிட்டு, இதில் ஒளியின் குவாண்டம் எங்கே என்று தேடியிருப்பீர்கள்.

1993-ல் வந்த அந்த மாதிரியில், லேசரின் மின்புலம் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து, வெளியே ஓட்டி, திசை மாறியதும் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். சேரும்போது மிஞ்சும் ஆற்றல் ஒரே ஃபோட்டானாக, அதாவது ஒளித்துகளாக, வெளிவரும். கணக்கில் எலக்ட்ரான் மட்டும்தான் குவாண்டம். லேசர் சாதாரண அலை. அது அருமையாகப் பொருந்தியது. 2023 நோபல் பரிசு பெற்ற அட்டோசெகண்ட் (நொடியில் கோடி கோடியில் ஒரு பங்கையும்விடச் சிறிய நேரம்) துடிப்புகளுக்கும் இந்த ஒளிதான் அடிப்படை. அதைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆய்வு மாணவனாகச் சேர்ந்த முதல் ஆண்டு, "வெளிவரும் ஃபோட்டான்களின் எண்ணிக்கை எப்படிப் பரவியிருக்கும்?" என்று கேட்டேன். "இத்தனை கோடி ஃபோட்டான் இருக்கும் இடத்தில் அந்தக் கேள்விக்கே பொருளில்லை" என்று சொல்லிவிட்டு, பேச்சாளர் அடுத்தவரைக் கைகாட்டினார். இன்றும் அது உறுத்துகிறது.

பிறகு நாங்களே அளந்தோம். குறைக்கடத்திப் படிகத்தில் அகச்சிவப்புத் துடிப்புகளைக் குவித்து, ஐந்தாம் ஹார்மோனிக்கைப் பிரித்து, பாதி ஒளியை விடும் கண்ணாடி வழியாக இரண்டு டிடெக்டர்களுக்கு அனுப்பினோம். கருவிகளில் மினுக்கும் பச்சை விளக்குகள் மேல்கூடக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தோம். ஃபோட்டான்கள் தன்போக்கில் வந்தால், இரண்டு டிடெக்டரும் ஒரே நேரத்தில் ஃபோட்டானைப் பதிவு செய்வதற்கும் தற்செயலாக அப்படி நடப்பதற்கும் உள்ள விகிதம் 1. எங்களுக்கு 1-ஐவிடக் கொஞ்சம் கூடுதலாக வந்தது. அன்று இரவு தூக்கமே இல்லை. மறுநாள் லேசரைப் பார்த்தால், அதன் சக்தி ஆடுகிறது. லேசர் சற்று ஆடினாலே ஹார்மோனிக் பல மடங்கு ஆடும். விகிதம் ஏற அதுவே போதும். சூடான பொருள் வீசும் சாதாரண வெப்ப ஒளிக்கே 2 வரும்; அதற்கு அலைக்கணக்கே போதும். ஆகவே 1-ஐத் தாண்டியது என்று யாராவது காட்டினால் உடனே நம்பிவிடாதீர்கள்.

அப்புறம் சான்று எது? இரண்டு வெவ்வேறு ஹார்மோனிக்குகளுக்கு இடையிலான ஒட்டுறவு, அலைக்கணக்கு அனுமதிக்கும் எல்லையை மீற வேண்டும். 2024-ல் குறைக்கடத்திகளில் அதைக் காட்டிவிட்டார்கள். அதற்கு முன்பே, 2021-ல், செனான் வாயுவில் ஹார்மோனிக்குகளை உண்டாக்கிவிட்டு மிஞ்சிய அகச்சிவப்பு ஒளியைச் சலித்தெடுத்து, அதில் ஷ்ரோடிங்கர் பூனை நிலையை, அதாவது இரண்டு வேறுபட்ட அலைநிலைகள் ஒரே நேரத்தில் கலந்திருக்கும் குவாண்டம் நிலையை, கண்டார்கள்.

 ஒரு மாநாட்டில் சுவரொட்டியாக வைத்த எங்கள் முடிவைப் பார்க்க இரண்டே பேர் வந்தார்கள். அதில் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, லேசரின் சக்தியைத் துடிப்புக்குத் துடிப்பு கூடவே பதிவு செய்தீர்களா என்பது. செய்யவில்லை. அடுத்த முறை அதை அளக்கும் டிடெக்டரைத்தான் முதலில் பொருத்தினோம்.